பத்தொன்பது பாட்டில் நல்ல தண்ணீர்

முருகன் துணை

ஆம்பூர்,
28-9-1986, ஞாயிறு

அன்பு மகள் சந்திராவுக்கு அம்மா பூங்காவனம் ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் நீயும் உடம்பும் மனசும் தெளிவாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் போதும், எனக்குப் பாதி மருந்து மிச்சம். இந்த முறை நான்கு தாள் எழுதப் போகிறேன். கடைசித் தாளில் ஒரு செய்தி இருக்கிறது. அதை முதலில் திருப்பிப் பார்க்காதே. நீ சின்னதில் கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்பே டெல்லிக் காகிதம் உன் கைக்கு வந்திருந்தால், வராதது போலவே நினைத்துக்கொண்டு படி. இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கு நீ அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஜூலையில் குடியாத்தத்தில் நடந்த உன் அத்தை மகன் கல்யாணத்தைப் பற்றி உனக்கு எழுதவே இல்லை, நன்றாக நடந்தது, சாம்பாரில் மட்டும் உப்பு ஜாஸ்தி. அத்தை உன்னைப் பற்றிக் கேட்டாள். பெண்ணுக்கு இருபத்தாறு ஆகிறது, எப்போது என்றாள். இருபது கிணறு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி கம்மியாகி இருக்கிறது, ஆனால் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு மாந்தோப்புக் கிணற்றுக்குப் போய் வருவதை விடமாட்டேன் என்கிறார். நான் தெருப் பெண்களோடு நடந்தே போய்க் கொண்டுவருகிறேன் என்றால், உனக்கு இன்னா தெரியும், போய்ட்டு வர ரெண்டு மைல் என்கிறார். இந்த ஊரில் பதினெட்டு வருடமாகக் குடிதண்ணீர் எடுப்பவளுக்கு அந்த மைல் கணக்கு தெரியாதாம்.

இனி உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்துக்கு வருகிறேன். அதை நான் இன்னும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். அம்மா, நீ என்ன செய்தாய், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று எழுதியிருந்தாய். சந்திரா, அன்றைக்கு நான் அழுதேன். உன் மேல் கோபத்தில் இல்லை, நீ சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று அழுதேன். உனக்கு டிசம்பரோடு உபகாரச் சம்பளம் நிற்கிறது, அதற்குள் டெல்லி இலாகாவிடம் கேட்ட ஆராய்ச்சிப் பணம் கிடைத்தால் இரண்டு வருடம் ஊரோடு இருந்து நம் கிணறுகளை ஆராய்ச்சி செய்யலாம், கிடைக்காவிட்டால் இமாசலத்தில் ஏதோ அணைக்கட்டு வேலைக்குப் போய்விடுவாய், அங்கிருந்து வருடத்துக்கு ஒரு முறைதான் வர முடியும் என்று நீயே எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த அணைக்கட்டைக் கண்டாலே ஆகாது, கண்டதில்லை என்றாலும்.

எத்தனை இடத்தில் கேட்டுப் பார்த்தாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. வெளிநாட்டு டிரஸ்ட் ஒன்று, தோல் பதனிடும் ஊர்கள் எங்கள் பட்டியலில் இல்லை என்று எழுதியது. இன்னொரு இடத்தில், பெண் தனியாகக் கிணறு கிணறாக அலைய முடியாது, ஆண் துணை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பெண்கள்தானே இந்த ஊரில் கிணறு கிணறாக அலைகிறார்கள், அதை அவர்களுக்கு யார் சொல்வது. கடைசியில் டெல்லி இலாகா சுற்றுப்புறச் சூழல் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது என்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்தது உன் அப்பாதான். தான் வேலை செய்யும் தோல் டேனரி ஆபீஸில் டைம்கீப்பர் மேஜையில் உட்கார்ந்து, முதலாளியின் ஆங்கிலப் பேப்பரைப் படித்து, பிளேடால் அறுத்து எடுத்து உனக்கு அனுப்பினார். பின்பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் இருந்ததைப் பார்க்கவில்லை. முதலாளி மஹபூப் பாஷா பேப்பரை விரித்து, செங்கல்வராயன், இந்த ஓட்டை வழியா யாரு எட்டிப் பார்த்தது என்று அப்பாவைக் கேட்டாராம். அப்பா அன்றைக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் இல்லை, ஏனென்றால் பேப்பரில் ஓட்டை போட்டது சின்ன விஷயம், கிணற்றுக்குள் உப்பு எங்கிருந்து இறங்குகிறது என்று நீ எழுதப் போவது சின்ன விஷயம் இல்லை. உப்புத் தோலை ஊறப்போட்ட தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், சம்பளம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியும்.

இப்போது என் குற்றம். நீ ஜூலையில் பெட்டி நிறைய பாட்டில் அனுப்பி, இருபது வீட்டுக் கிணற்றிலும் நீயே போய் நின்று தண்ணீர் சேந்தி, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை கழுவி, நிரப்பி, கதவு எண் எழுதி வேலூர் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கொடு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். அந்த வாரம் குடியாத்தம் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்றும் வேலை என் தலையில் இருந்தது. இருபது வீட்டுக் கொல்லையில் இருபது முறை கயிறு இழுக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு பாட்டிலாகக் கொடுத்து, காலையில் நிரப்பி வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா. டெல்லியில் பெரிய ஆபீஸர்கள் பார்க்கப் போகிற தண்ணீர், பார்த்துக் கொடுங்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்த ஒரு வார்த்தைதான் உன்னைப் பொய்க்காரி ஆக்கியது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஜஹீருன்னிசாவிடம் போய், ஜஹீரு, பாட்டிலில் எந்தத் தண்ணீரை ஊற்றினாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இன்னாக்கா கேக்குறீங்க, டில்லிக்குப் போற தண்ணின்னு சொன்னீங்க, நம்ம உப்புத் தண்ணியவா கொடுப்பாங்க, மாந்தோப்புலேந்து அன்னிக்கி கொண்டாந்தேனே அந்த நல்ல தண்ணியத்தான் வடிகட்டி ஊத்தினேன், ஊர் மானம் போவக் கூடாதுல்ல என்றாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போனேன். எல்லா வீட்டிலும் அதே பதில். கோடி வீட்டுச் சாவித்திரி ஒருபடி மேலே போய், நல்ல தண்ணீரில் இரண்டு வெட்டிவேரும் போட்டு ஊறவைத்துக் கொடுத்திருக்கிறாள். கல்லூரியில் அந்தப் பாட்டிலைத் திறந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பத்தொன்பது வீடும் ஒரே மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்திருக்க, நான் மட்டும் நம் வீட்டுக் கொல்லையில் சேந்தி நிரப்பினேன். மகள் கேட்டது மகளுக்குத்தானே, இதில் என்ன மரியாதை என்றுதான் நினைத்தேன். அதனால்தான் டெல்லிக்காரர்கள் உனக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது கிணறும் அச்சு அசலாக ஒன்று போல நல்ல கிணறு, விண்ணப்பம் போட்டவளின் வீட்டுக் கிணறு மட்டும் உப்பு. யாராக இருந்தாலும் நீ உப்பைக் கரைத்து ஊற்றினாய் என்றுதான் நினைப்பார்கள்.

ஆள் அனுப்பி விசாரிப்போம் என்று அவர்கள் எழுதியதால் நான் மறுபடி வீடு வீடாகப் போனேன். யார் வந்து கேட்டாலும் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்திராவுக்குப் பணம் வராது, அவள் ஊருக்கும் வரமாட்டாள் என்று சொன்னேன். எல்லோரும் சரி சரி என்று தலையை ஆட்டினார்கள்.

போன நான்காம் தேதி வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சென்னையிலிருந்து டெல்லி இலாகாவுக்காக வந்த நிபுணர், பெயர் நந்தகோபால். அறுபது வயது இருக்கும், ஒல்லி, ஒரு கையில் குடை, ஒரு கையில் தோல் பை. பைக்குள் இருபது காலிப் பாட்டிலும் முள் வைத்த சின்ன மெஷினும். மெஷினைத் தண்ணீரில் தொட்டால் உப்பு எவ்வளவு என்று முள் காட்டுமாம். அவர் வந்து சேர்ந்தது பன்னிரண்டு மணி வெயிலில். முகமெல்லாம் வேர்வை. நீயே சொல், ஒரு பெரிய மனுஷர் வெயிலில் வாசலில் நின்று, அம்மா கொஞ்சம் தண்ணி என்று கேட்டால், எந்தப் பெண்ணுக்கு உப்புத் தண்ணீரை நீட்டக் கை வரும். முதல் வீட்டில் பளபளவென்று தேய்த்த சொம்பில் மாந்தோப்புத் தண்ணீர் வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியில் மெஷினைத் தொட்டார். முள் அசையவில்லை. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் தண்ணீரோடு காபியும் வந்தது. நான் பின்னாலேயே போய்க் கண்ணால் ஜாடை காட்டுகிறேன், அவர்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் கை மட்டும் நல்ல தண்ணீர்க் குடத்துக்குத்தான் போகிறது. நான்காவது வீட்டில் அவர் நோட்டை மூடிவிட்டார். அம்மா, உங்க பொண்ணு நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா எழுதினது இங்க இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உன்னை அந்த அணைக்கட்டுக்கு நானே ரயில் ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஜஹீருன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கொல்லைக்குப் போனாள். ராட்டினம் கிறீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டது. ஒரு பழைய டம்ளரில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். சார், தப்பா நெனைக்காதீங்க, நல்ல தண்ணி விருந்தாளிக்கு, ரெண்டு மைல் நடந்து போய் கொண்டாந்தது, இது எங்களுக்கு, இத்த விருந்தாளிக்குக் கொடுத்தா எங்க அம்மா என்னை வளர்த்த வளர்ப்புக்கே கேடு, நீங்க எங்க ஆளா இருந்து ஒரு வாய் வெச்சுப் பாருங்க என்றாள். அவர் அவளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், ஒரு வாய் வைத்தார். அப்புறம் அவர் முகம் போன போக்கை நான் எழுதினால் நீ அங்கே ஹாஸ்டலில் தனியாகச் சிரிப்பாய். துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல், கடைசியில் பெண்கள் முன்னால் துப்பக் கூடாது என்று முழுங்கிவிட்டார். மெஷினைத் தொட்டார், முள் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் நம் தெருவைக் கையால் பிடிக்க முடியவில்லை. ஒருத்தி ஆரம்பித்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர் வரிசையாக வந்தது. என் கிணறுதான் ஜாஸ்தி, உன்னுது கம்மி என்று போட்டியே நடந்தது. சாவித்திரி காலை எட்டு மணிக்குக் கிணற்றுத் தண்ணீரில் அடுப்பேற்றிய துவரம்பருப்பைக் கரண்டியோடு எடுத்து வந்து, நசுக்கிப் பாருங்க சார் என்றாள். மணி ஒன்றாகி இருந்தது, பருப்பு கோலி மாதிரி உருண்டது. இன்னொருத்தி சோப்பைத் தேய்த்து நுரை வராததைக் காட்டினாள். அவர் இருபது பாட்டிலையும் தன் கையால், தன் கண் முன்னால் சேந்திய தண்ணீரால் நிரப்பிக்கொண்டார். பிறகு நம் வீட்டில் வந்து உட்கார்ந்தார். உங்க பாட்டில் மட்டும் எப்படிச் சரியா வந்தது என்று கேட்டார். என் மகள் அனுப்பிய பாட்டிலுக்கு நான் எதற்கு சார் உபசாரம் பண்ணணும் என்றேன். அவர் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன், ரொம்ப நேரம் எழுதினார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் எல்லாம் சொன்னேன். அவர் மறுநாள் நேராக முதலாளி முன்னால் போய் நின்று, ஓட்டை போட்டது நான்தான், எதற்காகப் போட்டேன் என்றால் இதற்காக என்று முழுவதும் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருட வேலை, சந்திரா. நான் வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மஹபூப் பாஷா மேஜையை இரண்டு தட்டு தட்டினாராம். அப்புறம், செங்கல்வராயன், என் வூட்ல சாயா போடறதே லாரித் தண்ணியிலதான், என் பெண்டாட்டி தினம் என்னை பேஜார் பண்றா, உங்க பொண்ணு வரட்டும், எந்த உப்பு எங்கேந்து வருதுன்னு எழுதட்டும், என்கிட்டேந்து வருதுன்னா அதையும் எழுதட்டும், என் வூட்டுக் கிணத்தையும் சேர்த்துக்கச் சொல்லு, ஆனா பேரை மொதல் பக்கத்துல போட வேணாம் என்றாராம். கடைசியில், அந்த மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னாராம். எல்லா முதலாளியும் இப்படி இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எழுதுவது பிடிக்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள், பார்த்து நடந்துகொள். ஆனால் பயந்து நடக்காதே.

நிபுணர் வந்ததை அன்றே உனக்கு எழுத எனக்குக் கை அரித்தது. அப்பாதான் தடுத்தார். முடிவு தெரியும்வரை எழுதாதே, பெண் கனவு காண ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் இல்லை என்று வந்தால் தாங்கமாட்டாள் என்றார். அதனால்தான் வந்தார், போனார், பயப்படாதே என்று கார்டில் ஒரு வரி மட்டும் போட்டேன்.

இப்போது கடைசித் தாளுக்கு வந்துவிட்டோம். நேற்று வேலூர் கல்லூரியிலிருந்து ஆள் வந்து டெல்லிக் காகிதத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். கிடைத்துவிட்டது சந்திரா. ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டு வருடம். நீ கேட்ட மெஷினுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா மூன்று முறை சத்தமாகப் படித்தார், மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். அதில் அந்த நந்தகோபால் சார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மாதாமாதம் சாம்பிள் எடுக்கும்போது தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கூட நின்று சேந்த வேண்டும், அவர்களுக்கு மாதம் முப்பது ரூபாய் தர வேண்டும், அதில் ஒருவர் ஜஹீருன்னிசா என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார். இன்னொருவர் யார் என்று நீ முடிவு செய்யலாமாம். நான் விண்ணப்பம் போடலாம் என்று இருக்கிறேன். எனக்கு ஐம்பத்தொரு வயது, இதுவரை சம்பளம் என்று ஒன்றை வாங்கியதில்லை. உன் அப்பா, சிபாரிசு செய்யட்டுமா என்று கேலி செய்கிறார். முறுக்கு சுற்றுகிற வாரத்தில் லீவு கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

தீபாவளிக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, டிசம்பரில் மொத்தமாகக் கிளம்பி வா. குளிர் ஆரம்பிக்கிறது, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். டெல்லியில் ரயில் மாறும்போது பாட்டில் பெட்டியைக் கூலியாளிடம் கொடுக்காதே. வழிகாட்டி வாத்தியாருக்கு எங்கள் வணக்கம் சொல். நந்தகோபால் சாருக்கு ஒரு கடிதம் எழுது, ஜஹீருவுக்குத் தனியாக ஒன்று எழுது, அவள் அதை மடித்து வைத்துக்கொள்வாள். நீ நன்றாக இரு, நினைத்தது நடத்து, உன் கையால் இந்தத் தெருவுக்கு நல்லது வரட்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஐந்து வருடமாக நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் உனக்கு மாந்தோப்புத் தண்ணீர்தான் கொடுத்தேன், தலைக்கு ஊற்றிக்கொள்ளக்கூட ஒரு குடம் தனியாக எடுத்து வைத்தேன். அன்றைக்கு ஜஹீரு பேசியதைக் கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது, பெற்ற பெண்ணை விருந்தாளி ஆக்கி வைத்திருந்தேன் என்று. இந்த முறை பத்து நாளில் திரும்பிப் போகிறவள் இல்லை நீ. வாசலில் நான் நீட்டப் போகிற சொம்பில் நம் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான் இருக்கும். ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசலில் நிற்கும் அம்மா,
செ. பூங்காவனம்